லாபம், ரெண்டு, மூணு

முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள்,
அப்புறம் ஒரு வருஷம் கழித்து.
இந்த மூன்று நாட்களில் மட்டும்
நான் அவர்களுக்குச் சொந்தக்காரி.

காரைக்குடி நூறடிச் சாலையில்
எக்ஸ்ரே அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
ஒரு மேஜை, ஒரு போன்,
பச்சை அட்டை போட்ட பேரேடு.
தையல் பிரித்தவர்கள் பெயரை மறந்த பிறகு
என் வேலை தொடங்கும்.

'வலி எவ்வளவு இருக்கு, பத்துக்கு?'
'பரீட்சையாம்மா இது' என்பாள்
பள்ளத்தூர் ரஹ்மத் நிஷா.
பிறகு குரலைத் தாழ்த்தி,
'முதுகுல ஊசி போட்டதுலேருந்து
குனிஞ்சு புள்ளையத் தூக்க முடியல.'
ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார்
மயக்க மருந்து டாக்டர் தேனப்பன்.
இருக்கட்டும்.
ஆறு என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

சிகப்பி ஆச்சியிடம் நான் வலியைக் கேட்பதேயில்லை.
கானாடுகாத்தானில் போன் இருப்பது முகப்பில்,
அவர் இருப்பது இரண்டாங்கட்டில்.
முப்பதாம் நாள் அடித்து அடித்து ஓய்ந்தது.
மறுபடி போட்டேன்.
பதினெட்டாவது மணியில், மூச்சு வாங்க,
'ஆரு?'
தொண்ணூறாம் நாள் ஒன்பதே மணி.
புது மூட்டைப் பற்றி
எந்தப் படமும் இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.
வருஷம் திரும்பியபோது
முதல் மணியிலேயே எடுத்தார்.
நான் எழுந்தே நின்றுவிட்டேன்.
'மகன் கம்பியில்லாத போன் வாங்கியாந்தான்,
மடியிலேயே கெடக்கு.'
'நடக்குறீகளா ஆச்சி?'
'எதுக்கு?' என்றார்.

புதுவயல் அடைக்கலம்
ரைஸ்மில்லில் மூட்டை எண்ணுகிறவர்.
லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து வந்தார்.
மூன்றரை மணி நேரம்.
முகமூடியை வைத்து எண்ணச் சொன்னால்
எல்லோரும் ஒன்று என்று தொடங்குவார்கள்.
அவர் லாபம் என்றாராம்.
லாபம், ரெண்டு, மூணு...
பதினொன்று வரை வந்ததாம்.
தியேட்டரே சிரித்தது என்றாள் சிஸ்டர்.

முப்பதாம் நாள்: 'நல்லாருக்கேன்மா.' டிக்.
தொண்ணூறாம் நாள்: 'நல்லாருக்கேன்மா.' டிக்.
வருஷம் முடிந்த அன்று
அவர் மனைவி பொன்னழகு எடுத்தாள்.
'நடக்குறாக. சாப்புடுறாக.
மூட்டை எண்ண ஒக்காந்தா மட்டும்
நடுவுல நின்னுடுறாக.
எண்ணுறதுக்கு வேற பையன வச்சுட்டாக மில்லுல.
ஆருட்டயும் சொல்லாதன்னாக,
நீங்க கேட்டதால சொல்றேன்.'

காய்ச்சல், சீழ், மூச்சுத்திணறல்,
கால் வீக்கம், மறு அனுமதி, மரணம்.
கட்டங்கள் ஆறுதான்.
நடுவில் நின்றுவிடுவதற்குக் கட்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் போனேன்,
கண்டனூர் தாண்டி.
தவிட்டுத் தூசிக்குள்
பலகை வழியே மூட்டைகள் இறங்கின.
எனக்காக எண்ணினார்.
பதினொன்றில் நிற்பார் என்று
கதை படிப்பவள்போல் காத்திருந்தேன்.
அப்படியெல்லாம் இல்லை.
முப்பத்தாறில் நின்றார்.
அடுத்த முறை ஐம்பதைத் தாண்டினார்.
அதற்கடுத்து ஏழு.
'எங்க விட்டேன்?' என்று
மூட்டை தூக்குகிறவனைக் கேட்டார்.
அவனுக்குத் தெரியவில்லை,
அவன் எண்ணுகிறவனில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன்.
மயக்கமா, முறிவா, வயதா,
சொல்ல முடியாது என்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'வேற எத்தனை பேருக்கு இப்படி?'
தெரியாது டாக்டர்.
நான் யாரையும் கேட்டதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு நம்பர்கள்.
சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் போடுகிறேன்,
தாளில் இல்லாத ஒரு கேள்வியோடு:
'கணக்கு வழக்கெல்லாம் பழையபடி ஓடுதா?'

தேவகோட்டை டெய்லர் ஆரோக்கியம்
முதலில் சிரித்தார்.
சிரிப்பு முடிந்தும் போனை வைக்கவில்லை.
பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது,
வேறு யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பேரேட்டின் கடைசியில் புதுப் பக்கம்.
வரிசை எண் போடும் இடத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
அடைக்கலத்தின் வழக்கப்படி எழுதக்
கை வரவில்லை.

அடுத்த நம்பர்.
மணி அடிக்கிறது.