நூறு ஆனால் மணி அடிக்கும்

எண்ணுவது என் வேலை.
இஸ்தான்புல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
ஒரு நுண்ணோக்கி, கால் ஆடும் ஒரு முக்காலி,
வரிசையாகப் பொத்தான் வைத்த எண்ணும் பெட்டி.
ஊதாச் சாயம் ஏறிய வெள்ளணு கண்ணில் பட்டால்
வகை பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவேன்.
நூறு ஆனால் பெட்டி மணி அடிக்கும்.
அடுத்த சில்லு.
நாளைக்கு நாற்பது மணி.
தேநீர்ப் பையன் என் ஐந்தாவது மணிக்குத்தான்
முதல் கிளாஸைக் கொண்டுவருவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தேநீர் வரவில்லை.
சில்லின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
சாத்தில்மிஷ், இருபத்திரண்டு, ஷூ வேலை, கெடிக்பாஷா.

சாத்தில்மிஷ் என்றால் விற்கப்பட்டவன்.
முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
விற்றாயிற்று, இது எங்கள் பிள்ளை இல்லை என்று
சாவை ஏய்க்க வைத்த பெயர்.

சில்லை மூலையிலிருந்து மூலைக்கு நகர்த்தினேன்.
முப்பத்தொன்று.
லென்ஸைத் துடைத்துவிட்டு
எதிர்த்திசையில் நகர்த்தினேன்.
முப்பத்தொன்று.
மணியின் உள்ளே சின்னச் சுத்தியல்
தூக்கிய கையோடு நின்றது.

அவனே படியிறங்கி வந்தான்.
"அக்கா, தப்பாக எண்ணியிருப்பீர்கள்.
நான் பலசாலி."
முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் தழும்புகள்,
எதில் இடித்துக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது.
ரொட்டியைக் கடித்தால் ரொட்டியில் ரத்தம்.
பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டானாம், அதற்கு வைத்தியமாக.

கேட்காமலே பசையைப் பற்றிச் சொன்னான்.
பழைய பசை காய ஒரு மணி நேரம்,
புதியது ஒரு சிகரெட் நேரம்.
நாளைக்கு இருபது ஜோடி போய் முப்பத்தைந்து ஜோடி.
பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால்
விரல் விறைக்கும், தோல் விறைக்கும்,
மேஸ்திரி ஹிதாயெத் கத்துவார்.
எட்டுப் பேர், ஓர் அறை, ஒரு நிலக்கரி அடுப்பு,
மூடியில்லாத டப்பாக்கள்.
"வாசனை நல்ல வாசனை அக்கா,
இனிப்பாக இருக்கும்,
மத்தியானம் பசியே தெரியாது."

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர் நெரிமான்.
கொண்டுவந்தான், செய்தித்தாளில் சுற்றி.
மேலே ஓர் அன்னப்பறவைப் படம்.
அந்த அன்னத்துக்குக் கீழே
உள்ளே இருப்பது என்னவென்று
ஓர் எழுத்தும் இல்லை.
டாக்டர் முகர்ந்தார், மூடினார்,
பென்சீன் என்றார்,
பிறகு கையைக் கழுவினார், வெகுநேரம்.

எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம்
வற்றிக்கொண்டிருந்தது.
வெளியிலிருந்து ஊற்றலாம்,
ஊற்றலாம்,
எத்தனை நாளைக்கு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
கெடிக்பாஷாத் தெருவே வந்தது, ரத்தம் கொடுக்க.
பத்தொன்பது பேர். நகக்கண்ணில் கறுப்பு,
சட்டையில் அந்த வாசனை.
வழியெல்லாம் கேலியும் சிரிப்பும்:
"என் ரத்தத்தை ஏற்றினால் இவனும் குடிக்க ஆரம்பிப்பான்."
எடுப்பதற்கு முன் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

எண்ணினேன்.
சிலருக்குச் சட்டென்று மணி அடித்தது.
சிலருக்குச் சில்லின் கடைக்கோடியில்,
போனால் போகிறதென்று.
பதினொரு பேரைத் திருப்பி அனுப்பினார்கள்.
ஏனென்று புரியாமல்
மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்கள்,
கொடுக்க வந்த விருந்தைக்
கைநீட்டி மறுத்ததுபோல்.

மேஜைக்கடியில் என் கால்கள்.
பெருநாளைக்கு வாங்கிய ஷூ, அதே தெருவில்,
பேரம் பேசிப் பத்து லிரா குறைத்து.
இரண்டு வாரம் அலமாரியெல்லாம் மணத்தது.
புதுத்தோல் வாசனை என்று
தங்கையிடம் பெருமையாக நீட்டியிருந்தேன்.

கடைசிச் சில்லு மேஸ்திரி ஹிதாயெத்துடையது.
தலைவலி என்று ஒருநாளும் படுத்ததில்லையாம்.
அவர் மகளும் அதே அறையில்தான்
ஷூ லேஸ் கோக்கிறாள்.
எண்பது. எண்பத்திரண்டு.
எண்பத்து நான்கில் கண்ணாடி முடிந்துவிட்டது.
விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தேன்.

கதவு திறந்தது.
வெறும் தட்டோடு தேநீர்ப் பையன்:
"அக்கா, பெட்டி ரிப்பேரா?"