ள் தீர்ந்த இரவு

வியாழக்கிழமை விளக்கு வைத்தபின் வருவாள் பங்கஜவல்லி.
ரிக்சாவைச் சூலியா தெரு முனையிலேயே அனுப்பிவிடுவாள்;
அச்சுக்கூட வாசலில் இறங்கினால்
நாலு பேர் பார்ப்பார்களாம்.
பையில் ரப்பர் விலை, கப்பல் வரவு,
அடியில் எட்டாக மடித்த தொடர்கதை.

எழுத்துக் கோக்கிறவன் நான்.
பினாங்கில் அவள் கதையை முதலில் படித்தவன்,
அதுவும் தலைகீழாக.

வல்லிநாதன் என்ற பெயரில் வரும்.
ஈப்போவிலிருந்து ஒரு கிராணி எழுதியிருந்தார்:
ஸ்ரீமான் அவர்களே,
பெண் மனசு இத்தனை தெரிந்த ஆண்மகன் அபூர்வம்.
இரண்டு தடவை வாசித்தாள்.
கோப்பிக் குவளைக்கு அடியில் வைத்தாள்.

ஒருநாள் ஜெரஜாக் தீவுக்குப் போய் வந்தாள்.
கப்பலிலிருந்து இறக்கி அடைத்துவைத்த பெண்களிடம்
பேர் கேட்டு, ஊர் கேட்டு,
துணியை ஆவியில் போடுகிறோமென்று
வளையலைக் கழற்றிப் போனவன் யாரென்று கேட்டு
மூன்று தாள் நிறைய.

நெய்னா மரக்காயர் கண்ணாடியைக் கழற்றினார்.
"செய்தியாப் போட்டா நாளைக்கு இங்கே பூட்டு, தாயீ."

சரியென்றாள். என் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
பென்சிலைச் சீவிச் சீவி
பத்தரை மணிக்குள் அது பதினேழாம் அத்தியாயம்.
கப்பலின் பெயர் மட்டும் வேறு.

கோத்துக்கொண்டே வந்தேன்.
அவள் இறங்கினாள். அவள் நின்றாள்.
அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.
பாதியிலேயே ள் அறை காலி.
பன்மைக்கென்று வண்டி வண்டியாய் வார்த்து வைத்திருந்தது,
ஒருத்தியால் தீர்ந்துவிட்டது.

"அவர் என்று போடட்டுமா, மரியாதையாகவும் இருக்குமே?"
அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.
"வேண்டாம். சபைக் கூட்டத்தைப் பிரி."

மறுநாள் முதல் பக்கத்தில்
கனவான்கள் பலர் கூடினார்கள் என்றிருந்தது
கனவான் பலர் கூடினர் ஆயிற்று.
எந்தக் கனவானும் கேட்கவில்லை.
எனக்கும் அன்றிலிருந்து அவள், அவள்தான்.

மூன்றாம் வாரம் நிபோங் திபாலிலிருந்து ஒரு கடுதாசி,
யாரோ எழுதிக் கொடுத்தது:
அது எந்தக் கப்பலென்று எங்களுக்குத் தெரியும்.
கீழே ஏழு கைநாட்டு.

"இதைக் கோக்க முடியுமா?" என்றாள்.
என்னிடம் இருப்பது எழுத்து மட்டும்தானே, அம்மா.

விரலால் ஒவ்வொரு ரேகையாகத் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு பையைத் திறந்து
அந்த வாரத்துத் தாளை நீட்டினாள்:
ரப்பர், ராத்தலுக்கு அரைக்காசு சரிவு.