சாரலோடு சாரலாய்

ஆனித் தேர் நகர்ந்த வாரம் நான் மாடி ஏறவில்லை.
அடுத்த வாரமும்தான்.
பதிவேட்டில் மட்டும் தவறாமல் ஏறியிருக்கிறேன்:
திங்கள், தொட்டி சுத்தம்.
செவ்வாய், குளோரின் சரி.
புதனன்று பேனா தீர்ந்து
சிவப்பு மையில், விசிறியில் சத்தமில்லை.
உண்மைதான்.
வடம் பிடித்தவன் காதில் வேறென்ன விழும்.

இன்று, ஆடி ஒன்பது, ஏறினேன்.
வண்ணாரப்பேட்டை ஆஸ்பத்திரியின் ஆறாம் மாடிக்கு மேல்
மேகாற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது
வட்டிக்கு விட்டவன் மாதிரி.

முதலில் பூட்டு.
விசிறி சுவிட்சை இறக்கி, பித்தளைப் பூட்டைக் கோத்து,
சாவியை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
தச்சநல்லூர் மில்லில் பூட்டாமல் கைவிட்ட பொன்னுலிங்கம்
இன்றைக்கு மூன்று விரலால் டம்ளர் பிடிக்கிறான்.

கோபுரம் என்றுதான் இதற்குப் பேர்.
கும்பிட ஆள் வராத கோபுரம்.
கதவைத் திறந்தால்
தேன்கூடு போல அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகளில்
பாறையாய் உப்பு.
கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிறது,
எங்களுக்கு வாய்த்தது போர்த்தண்ணீர்.
நகக்கண் அளவு உப்பு ஏறினாலே
கீழே சில்லருக்கு மூச்சு வாங்கும்,
மீட்டர் குதிரையாய் ஓடும்,
மேனேஜர் கரண்டு பில்லோடு என்னைத் தேடுவார்.

பில் கிடக்கட்டும்.
தொட்டியில் கைவைத்தேன்.
வெதுவெதுப்பு.
பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பதம்.
விரலை எடுத்தால் வெண்டைக்காய் போல நூல்விடுகிறது.
இந்தப் பதத்தில்தான் அதுகள் பெருகும் என்றார்
பயிற்சிக்கு வந்த அம்மா.
கண்ணுக்குத் தெரியாது, பேர் வாயில் நுழையாது.
குடித்தவனை விட்டாலும் விடும்,
மூச்சிழுத்தவன் நெஞ்சில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

அண்ணாந்தேன்.
நீர்த்துளி தடுக்கும் தகடுகளில் இரண்டு
கழன்று கிடக்கின்றன.
அந்தச் சந்து வழியே இத்தனை நாளும்
சாரலோடு சாரலாய் என் தண்ணீரும் போயிருக்கிறது.
மலையிலிருந்து வந்த துளி எது,
மாடியிலிருந்து போன துளி எது,
எந்த முகம் கண்டது.

காற்று கிழக்கே போகிறது.
கிழக்கே, கீழே, காசா மைதீன் டீக்கடை.
'நாலு நாளா நெஞ்சு கட்டிக் கெடக்கு வே,
காய்ச்சலும் விட்ட பாடில்ல.
சாரல் நேரம்லா' என்றார் காலையில்.
ஆமா என்றேன்.
அந்த ஆமா இன்னும் இறங்கவில்லை.

ஒருவேளை சாரல்தானோ என்னவோ.

வடிகால் வால்வில் கை வைத்துவிட்டேன்.
ஒரு திருகு போதும்.
அப்புறம் பிரஷ், குளோரின், புதுத் தண்ணீர்,
மத்தியானத்துக்குள் எல்லாம் பளிங்காகிவிடும்,
பதிவேடு சொன்னது போலவே.

கையை எடுத்தேன்.
பையிலிருந்து சுத்தமான பாட்டிலை எடுத்து,
முகமூடியை இறுக்கிக் கட்டி,
கலங்கிய இடத்தில் முக்கினேன்.
மூடிமேல் தேதி எழுதினேன்.
தொட்டி எண்.
கடைசியாகச் சுத்தம் செய்த நாள்: ஆனிக்கு முந்தி.
பிறகுதான் வால்வைத் திறந்தேன்.

வேலை முடிந்து, லேபுக்குப் போகிற வழியில்
கடை முன்னால் நின்றேன்.
'கடையச் சாத்தும் வே, டாக்டரப் பாத்துட்டு வருவோம்.'
மைதீன் இருமி முடித்துவிட்டுச் சிரித்தார்.
'பாட்டில்ல என்ன, பதநீயா?'

திருப்பிக் காட்டினேன்.
என் பேர் இருந்தது.