தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர்

முந்நூறு ஜிஎஸ்எம் ஐவரி தாளில்
மணப்பெண் கமலலோசனியின் கழுத்தில்
ஒரு நீலப் புள்ளி.
கடுகில் பாதி இருக்கும்.
அதே புள்ளி கீழே தாமரை இதழில்,
அதற்கும் கீழே
‘தங்கள் நல்வரவை’ என்பதில்
ந-வின் வயிற்றில்.

சுல்தான்பேட்டையில் இரவு பதினொன்றேகால்.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது,
மழைத் தண்ணீர் அதன் அடியில் வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.
அறுநூறு பத்திரிகை.
காலை ஆறுக்குப் பெண்ணின் மாமா வருவார்,
ஆறரைக்கு அவருக்குக் கிருஷ்ணகிரி பஸ்.

எண்பது ஜிஎஸ்எம்மில் ஓட்டிப் பார்த்தேன். சுத்தம்.
முந்நூறில் மறுபடி நீலம்.
முதலில் மழையைத்தான் சந்தேகித்தேன்.
பிரித்த கட்டு ஈரம் குடித்திருக்கும் என்று
புதுக் கட்டை உடைத்து, விசிறிவிட்டு ஏற்றினேன்.
புள்ளி அசரவில்லை.
செட்டிங்கில் தடிமன் மூன்றை நான்காக்கினேன்.
மெஷின் இன்னும் மெதுவாக நடந்தது,
புள்ளி இன்னும் தெளிவாக விழுந்தது.
மெல்லிய தாள் தப்பி ஓடிவிடுகிறது.
கனத்த தாள் நின்று சூடேறிப் போகவேண்டியது,
அதற்குள் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

கட்டிங் மெஷினில் சாய்ந்திருந்த ஃபயாஸ்
‘தூசிதான்க்கா, துடைச்சு விடுங்க’ என்றான்.
ஸ்கேலை எடுத்தேன்.
புள்ளிக்கும் புள்ளிக்கும் தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர்.
அடுத்ததற்கும் தொண்ணூற்று நாலு.
தூசிக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.
உள்ளே ஏதோ ஒன்று
உருண்டு உருண்டு
தன் ஒரே கீறலைச்
சுற்றுக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன்.
டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது.
செல்போன் டார்ச்சைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து
நீலத்தை உருவி, சிவப்பை உருவி,
இடம் மாற்றிச் செருகினேன்.
ஒரு தாள்.
கழுத்தில் இப்போது சிவப்புப் புள்ளி.
‘அய்யோ, மாப்பிள்ளை அவசரப்பட்டுட்டாரு.’
சிரித்துவிட்டேன்.
அப்புறம்தான் வயிற்றைப் பிசைந்தது.
தாள் இல்லை, மழை இல்லை. டிரம்தான்.

சர்வீஸ் சிவலிங்கையா
மூன்றாவது முறைக்கு எடுத்தார்.
‘ஹொஸது ஹாகி மேடம்’,
பாதி சொல், பாதி கொட்டாவி.
புதுசு ஜேசி ரோட்டில் இருக்கிறது.
கடை திறக்கப் பத்தரை.
விலை, ஜேட்மல் சேட்டிடம்
நல்ல நாள் பார்த்துக் கேட்கவேண்டிய விலை.

மிச்சமிருந்தது ஓர் இடம்.

கீறல்பட்டதை மஞ்சளின் அறைக்குள் தள்ளி
கதவைச் சாத்தினேன்.
ஒரு தாள். பத்துத் தாள்.
கழுத்து சுத்தம், தாமரை சுத்தம்,
ந-வுக்கு வயிறு நிறைய வெள்ளை.
‘போயிடுச்சு’ என்றான் ஃபயாஸ்.

போகவில்லை.
பழைய பூங்கொத்தில் சுற்றியிருந்த
நீலக் கண்ணாடித் தாளைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன்.
தொண்ணூற்று நாலுக்கு ஒன்றாக
கருகருவென்று எழுந்து நின்றன.
தாளை எடுத்தால் இல்லை.
வைத்தால் இருக்கிறது.
இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறை வைத்தேன்.
பிறகு அறுநூறையும் ஓட்டினேன்.

ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார் மாமா,
வேட்டி முழங்கால்வரை நனைந்து.
கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.
பெயர்களைப் படித்தார், உதடு அசைய.
மண்டபத்தின் போன் நம்பரைத்
தன் போனில் வைத்துச் சரிபார்த்தார்.
ஒரு பத்திரிகையை வெளிச்சத்தில் சாய்த்துப்
பெண்ணின் முகத்தைப் பார்த்தார்,
நான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
‘நல்ல கனம்’ என்றார்.

கட்டைக் கக்கத்தில் வைத்து
ஷட்டருக்குக் குனிந்தவர் திரும்பினார்.
‘மொதப் பத்திரிகைய இங்கேயே
சாமிக்கு எடுத்து வெச்சிடலாம்னு பார்க்கறேன்.
மூலையில தடவக் கொஞ்சம்
மஞ்சள் இருக்குமாம்மா கடையில?’

ஃபயாஸ் சட்டென்று
கட்டிங் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.