விபத்தில்லா நாட்கள்

தம்மாம், இரண்டாம் தொழில்நகரம்.
மூன்றாம் கேட்டில் நுழைந்ததும் இடப்பக்கம்
ஒரு பச்சைத் தகரப் பலகை.
‘இந்த ஆலையில் விபத்தில்லா நாட்கள்’
என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும்.
கீழே மூன்று ஆணி.
காலை ஐந்து ஐம்பதுக்கு
அதில் எண் மாற்றுவது என் வேலைகளில் ஒன்று.
ஒன்பதுத் தகடு தொலைந்து வருடமாகிறது.
ஆறைத் தலைகீழாக மாட்டுகிறேன்.
யாரும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் எண் நூறைத் தாண்டாது.
மூன்று லைன், மூன்று ஷிப்ட்,
நாளைக்கு ஆயிரத்து இருநூறு ஏசி.
காப்பர் குழாய் வளைக்கிற மெஷினுக்கு
யாராவது ஒரு விரலைக் கொடுப்பார்கள்.
எண் பூஜ்யத்துக்கு வரும்.
மறுநாள் ஒன்று.
திட்டிக்கொண்டே ஓவர்டைம் பார்த்தோம்.

முதலில் போனது டீ மெஷின்.
ரிப்பேருக்கு என்றார்கள்.
சுவரில் அது இருந்த சதுரம் மட்டும்
இன்னும் வெள்ளையாக இருக்கிறது.
பிறகு வெள்ளிக்கிழமை ஓவர்டைம்.
பிறகு இரண்டாவது லைன்,
அதற்கு ஹானி சொன்ன சொல் ‘முஅக்கத்’.
தற்காலிகம்.
அரபி தெரியாதவனுக்கும்
அந்த ஒரு சொல் இப்போது தெரியும்.

இக்காமா மூன்று மாதத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள்.
ஜமால் மைதீன் அரிசியை
இரண்டு இரண்டு கிலோவாக வாங்குகிறார்.
தில் பகதூர் கம்பெனி கொடுத்த புது ஷூவைப்
பெட்டியிலேயே வைத்திருக்கிறான்,
அடி தேயாமல் ஊருக்குக் கொண்டுபோகலாமாம்.
பஸ்ஸில் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டவர்களுக்கு
ஆளுக்கு ஒரு ஜன்னல்.
வெளியே யாரும் பார்ப்பதில்லை.

ஹெச்ஆரிலிருந்து போன் வந்தால்
ஹானி பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.
பின்னால் வந்து தோளைத் தொடுவார்.
நல்ல மனுஷர்தான்.
அவர் லைன் ஓரமாக நடந்தால்
இருபது தோள் கூசும்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாள்
ஸ்டாலின் செல்லப்பன்
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.
ஆள்காட்டி விரலில் நீல டேப் சுற்றியிருந்தான்,
டேப் கறுத்துக்கொண்டு வந்தது.
“எழுதிராதீங்கண்ணே.
ஐநூறுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.
என்னால கெட்டுச்சுன்னா
அடுத்த லிஸ்ட்ல மொத பேரு நாந்தான்.”
குளச்சலில் அவன் வீட்டுக்குத்
தளம் போடாமல் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது.
ரெஜிஸ்டர் என் அக்குளில் இருந்தது.
என் இக்காமாவும் மூன்று மாதம்தான்.

மறுநாள் தொண்ணூற்றிரண்டு மாட்டினேன்.

ஐநூறாம் நாள் கேக் வந்தது.
பழைய லிஸ்டை வைத்து ஆர்டர் கொடுத்திருந்தார்கள்,
இருநூற்று நாற்பது பேருக்கு.
நின்றது எழுபத்து மூன்று பேர்.
மரிசெல் ஆளுக்கு மூன்று துண்டு வைத்தாள்.
போட்டோ எடுக்கும்போது எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம்.
ஸ்டாலின் இடது கையைக் காட்டினான்.
பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை.
கையிலிருந்த தட்டு ஆடியது.
“நாப்கின் இருக்கிறதா?” என்றார் ஹானி,
மீசையில் க்ரீமோடு.

ஒன்பது நாள் கழித்து
அந்தக் கை அவன் தோளுக்குப் போனது.
விரல் அதற்குள் ஆறியிருந்தது.
நகம்கூட லேசாக முளைத்திருந்தது.

லாக்கர் சாவி கொடுக்க வந்தவன்
பலகைக்குக் கீழே நின்றான்.
கேட்டுக்கு வெளியே வண்டி ஹாரன் அடித்தது.
“நியாயப்படி இன்னைக்கு
இருவதுதாண்ணே” என்றான்.
சிரித்தானா என்று தெரியவில்லை,
விளக்கு இன்னும் அணையாத நேரம்.

பையில் ரெண்டு இருந்தது, பூஜ்யமும் இருந்தது.
கையை விட்டுத் துழாவி
ஒன்றுக்குப் பக்கத்தில்
இன்னொரு ஒன்றை எடுத்து மாட்டினேன்.