தடைக்காலத்து வண்டி

ஏப்ரல் பதினைந்து. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன.
மண்டபத்தில் இனி அறுபத்தோரு நாள்
யாருக்கும் ஐஸ் வேண்டாம்.
கம்ப்ரசர் நின்ற அமைதியில்
ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்குகிறேன்:
பச்சை நிற எம்.ஜி., அறுபத்தேழாம் வருஷத்துப் பிறப்பு,
என்னைவிட மூன்று வயது மூத்தது.
இரண்டே இருக்கை. கூரை பெயருக்கு.

குன்னூரில் வாங்கினேன்.
விற்றவர் சொன்னது ஒரே சொல்: "ஓடும்."
எதுவரை என்று நானும் கேட்கவில்லை.
முட்டைகோஸ் லாரியின் பின்பாதியில் மலையிறங்கி வந்தது,
கதவிடுக்கில் இரண்டு இலையோடு.
ரபீக்காவிடம் பாதி விலை சொன்னேன்.
அந்தப் பாதிக்கே இரண்டு நாள் பேசவில்லை.

ஸ்பானர் எதுவும் பிடிக்கவில்லை.
பதின்மூன்று வழுக்குகிறது, பன்னிரண்டு நுழையவில்லை.
நம்புமுருகன்தான்,
படகு இஞ்சின் பார்க்கிறவன்,
தகரப்பெட்டியின் அடியில் துழாவி
துருவேறிய அரை இஞ்சை எடுத்தான்.
"நம்ம பழைய போட்டு இஞ்சின் வகையறாதாண்ணே.
இது முங்காது, அம்புட்டுத்தான் வித்தியாசம்."
அவன் ஒயரைத் தொட்டதிலிருந்து
ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுகிறது.
இந்த ஜில்லாவில்!
கண்ணாடி முழுக்க வெயில், அதைத் துடைத்துக்கொண்டு.

கடற்காற்று இரும்பைத் தின்னும்.
ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும்.
விற்காமல் நின்ற ஐஸ் பார் இரண்டு
உருகித் தீரும்வரை கவலையில்லை.
அப்புறம் குடம் பத்து ரூபாய்.
தள்ளுவண்டிக்காரனுக்காகத் தெருவே காத்து நிற்கையில்
மூன்று குடத்தை ஒரு காரின் தலையில் கொட்டுகிறவனை
என்னவென்று சொல்வார்கள்?
எனவே இருட்டிய பின், ஈரத்துணியால்,
சக்கரக் கம்பி ஒவ்வொன்றாக,
களவு செய்கிறவன்போல.

ஞாயிறு விடியல். பாம்பன் பாலம்.
பஸ்ஸில் போகிறவன் இரண்டு கடலையும் பார்க்கிறான்.
ஆட்டுக்குட்டியின் கண்ணுயரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிவது
கைப்பிடிச் சுவர், சிமெண்ட், மேலே ஒரு கொக்கு.
இதற்கா இவ்வளவு பணம் என்று நினைக்கும்போதே
காற்று சட்டைக்குள் புகுந்து
முதுகில் பாய்மரம் கட்டுகிறது.
தங்கச்சிமடத்தில் பையன்கள் கூடவே ஓடிவருகிறார்கள்:
"அரை வண்டி! டேய், அரை வண்டி!"
ஹாரன் அடிக்கிறேன். வைப்பர் கையாட்டுகிறது.

முகுந்தராயர் சத்திரம் தாண்டி
மணல் சாலையில் ஏறிக் கிடந்த இடத்தில்
இரண்டு முறை இருமி, நின்றது.
போட்டோ எடுக்க வந்த கூட்டம்
வண்டியை எடுத்தது, என்னை ஒதுங்கச் சொன்னது.
ரபீக்காவுக்குப் போன் போட்டேன்.
மறுமுனையில் பெருமூச்சுகூட இல்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் கம்பெனியின் சின்ன யானை வந்தது,
மீன் வாடையோடு, அவளே ஓட்டிக்கொண்டு.
நங்கூரக் கயிற்றை இரண்டு வண்டிக்கும் நடுவே கட்டினாள்.
எனக்கு முடிச்சு வராது. அவளுக்கு வரும்.

இஞ்சின் இல்லாமல் போகும் காரில்
அன்றைக்குத்தான் உட்கார்ந்திருந்தேன்.
டயரில் மணல் நெரிவது கேட்டது. அலை கேட்டது.
ஸ்டியரிங் கையில் மீனைப்போல் லேசாகத் துடித்தது.
முன்னால் அவள் வண்டியின் பின்கதவில்
நான் எழுதிய எழுத்து: ஐஸ் அவசரம்.
ஓர் அவசரமும் இல்லை.
வாங்கிய நாளிலிருந்து இப்படி ஓட்டியதில்லை.

பாலத்தின் உச்சியில் வேகத்தைக் குறைத்தாள்.
ஜன்னலுக்கு வெளியே வளைக்கை நீண்டு
வடக்கே எதையோ காட்டியது.
எட்டிப் பார்த்தேன்.
சுவர்.

வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது கேட்டேன்:
"பாலத்துல என்னத்தக் காட்டுன?"

கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"நீங்க மொதல்ல
மீதி வெலயச் சொல்லுங்க."