ஊடைக் கணக்கு

பெருந்துறை ரோட்டில்
பஸ் ஸ்டாப்புக்கு ஒரு ஆஸ்பத்திரி.
அதில் ஒன்றின் கீழ்த்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறையில் எனக்கு வேலை.

சட்டைப் பையில் குத்தியிருக்கும் இந்தச் சின்ன அட்டையை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரியரில் அனுப்புவார்கள்.
என் மேல் பட்ட கதிரை
முகம் தெரியாத யாரோ எண்ணி
'ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்புவார்கள்.
பதினோரு வருடமாய் ஒன்றுமில்லை.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு
வேறென்ன வரும்.

சென்னியப்பன் வந்தது
மாதாந்திர மின்தடை நாளில்.
"தறி நின்னுருச்சுங்க, அதான் இன்னைக்கே வந்தனுங்க.
வெலாவுலருந்து தொடை வரைக்கும் இழுக்குதுங்க."
ஜவுளிக்கடைப் பையில் நாலு உறை:
ஈரோட்டில் இரண்டு, பெருந்துறையில் ஒன்று,
கோயமுத்தூரில் ஒன்று, அது ஒன்பது நாள் முந்தியது.
நாலிலும் அதே இடது பக்கம், அதே கல்.
கொள்ளுத் தண்ணி குடித்தும் இறங்காத
கொள்ளுப் பயறு அளவுக் கல்.

மேலே போன் போட்டேன்.
"சார், ஒன்பது நாளுக்கு முன்னாடி எடுத்தது இருக்குங்க."
"நம்ம மெஷின்ல ஒண்ணு இருக்கட்டும்மா."
கவுண்டரில் பில் போட்டாயிற்று.
சுவர்ப் பலகையில் இந்த மாத இலக்குக்கு
இன்னும் நாற்பத்தேழு பாக்கி.

இந்த வளையத்தைத் திட்ட எனக்கு வாய் வராது.
போன மாதம் பவானி லாரிக்காரர் ஒருவரின்
மண்டைக்குள் கசிந்த ரத்தத்தை
நாலே நிமிடத்தில் காட்டியது இதுதான்.
அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.
எனக்கு ஒரு சீப்பு பூவன்பழம் தந்துவிட்டு.

மேசையில் படுக்கும்போது
சென்னியப்பன் என் பையைப் பார்த்தார்.
"அதென்னுங்க, பஸ் பாஸாட்டம்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.
"எந்தறியில ஒரு மீட்டர் இருக்குதுங்க.
எத்தன ஊடை ஓடுச்சுன்னு ஒண்ணு விடாம எண்ணும்.
அத வெச்சுத்தான் கூலி.
எனக்குள்ள ஓடுனத எண்ற மீட்டரு
உங்க சட்டையில இருக்குதுங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது.
வந்த வேகத்தில் நின்றது.

மெஷினுக்குள் இருக்கும் குரல் இந்தி பேசும்.
அதை அணைத்துவிட்டு மைக்கில் நானே சொன்னேன்:
"மூச்ச இழுங்க... புடிங்க..."
சொல்லும் முன்
கரண்டைக் குறைத்திருந்தேன், கால் பங்குக்கு.
கல்லைப் பார்க்க அது போதும்.
யாரும் கேட்காததால்
இத்தனை வருடம் நானும் குறைத்ததில்லை.
இதை எங்கே எழுதி வைப்பது?

வளையத்துக்குள் நாடா போல ஓடியது
கண்ணுக்குத் தெரியாத நூல்.
பதினொரு நொடி.
"விடுங்க."

மேலிருந்து போன்.
"என்னம்மா படம் பொரிப்பொரியா இருக்கு?"
"கல்லு தெரியுதுங்களா சார்?"
மூச்சு மட்டும் கேட்டது.
"தெரியுது."
வைத்துவிட்டார்.

அவர் சட்டை மாட்டுவதற்குள்
பழைய படங்களை வெளிச்சப் பெட்டியில் செருகி
ஓரத்துப் பொடி எழுத்தைத் தேடினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஐநூற்று எண்பது.
அறுநூற்று நாற்பது.
பெருந்துறைப் படத்தில் எண்ணே இல்லை.
இன்றைக்கு நூற்று ஐம்பது.
ஐந்தையும் தேதி போட்டு உறையின் மேல் எழுதினேன்.
பெருந்துறைக்கு நேராக ஒரு கோடு.

"இது நெறையங்களா, கம்மிங்களா?"
பயப்படும் அளவு இல்லை என்றேன். உண்மைதான்.
அடுத்து எங்கே போனாலும்
முதலில் இந்த உறையைக் காட்டுங்கள் என்றேன்.

சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்த கூலி நோட்டை எடுத்தார்.
ஊடைக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில்
ஒவ்வொன்றாய்ப் பார்த்து எழுதினார்.
கோடு போட்ட இடத்தில் நிறுத்தி,
"இதுக்கு என்னங்க போடட்டும்?"

வெளியே அடுத்த ஆளை
ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.